கண்டத்துக்கு அடியில் சேரும் மாக்மாவை அளக்க மூன்று வழிகள்: ஆய்வேட்டுக்கு எதை எடுப்பது?

நிலவியல் முதுகலை மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு சொற்களில் வந்துகொண்டிருக்கிறது. வெப்பப் புள்ளிகள் (மேன்டிலின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலேறும் இடங்கள்) கண்ட மேலோட்டுக்குள் மேன்டில் மாக்மாவை, அதாவது மேலோட்டுக்குக் கீழுள்ள தடித்த பாறை அடுக்கு உருகி வரும் குழம்பை, எவ்வாறு சேர்க்கின்றன என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டவர்கள், நில அதிர்வலையின் வழியாகப் போவதா, பாறையின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை) பிடிப்பதா, நிலத்திலிருந்து வெளிவரும் வாயுவையும் வெப்பத்தையும் அளப்பதா என்று தயங்கி நிற்கிறார்கள். (ஹாட்ஸ்பாட் என்று எழுதினால் இப்போது கைப்பேசிதான் நினைவுக்கு வருகிறது, அதனால் வெப்பப் புள்ளி என்றே எழுதுகிறேன்.) வழிகாட்டும் பேராசிரியர் எந்தத் துறையோ அந்த வழியைப் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் இந்த மூன்று வழிகளும் ஒரே பொருளை அளப்பதாக நினைத்துக்கொண்டு தொடங்கினால், ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் கணக்கு இடிக்கும். எங்கே இடிக்கிறது என்பதைக் காட்டவே இந்த ஒப்பீடு. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் எரிமலைப் பகுதியும் அதன் பின்னால் நீளும் ஸ்நேக் ஆற்றுச் சமவெளியும் மூன்று வழிகளாலும் அளக்கப்பட்ட இடங்கள் ஆதலால் அவற்றையே உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன். நம் தக்காணத்தை மூடிய எரிமலைப் பாறையான தக்காணப் பசால்ட்டுக்குத் தேவைப்படும் இடத்தில் வருவேன்.

## நிலத்தடியில் நடப்பது

மேன்டிலின் ஆழத்திலிருந்து சூடான பாறை திடநிலையிலேயே மெல்ல மேலேறுகிறது. மேலேற மேலேற அழுத்தம் குறைவதால், தனியாக எந்தச் சூடும் ஏற்றப்படாமலேயே அதில் ஒரு சிறு பங்கு உருகிப் பசால்ட் மாக்மா ஆகிறது. கடலடி மேலோடு மெல்லியது. ஹவாயில் அந்த மாக்மா அதிகத் தடையின்றி மேலே வந்துவிடுகிறது. கண்டத்தின் கதை வேறு. நாற்பது கிலோமீட்டர் அளவுக்குத் தடித்த மேலோட்டின் அடிப்பரப்பில் மாக்மா முட்டி நிற்கிறது. சுற்றியுள்ள பாறை தன்னைவிட அடர்த்தி குறைந்ததாக மாறும் இடத்தில் அது மேலேற முடியாமல் பக்கவாட்டில் படர்ந்து கிடைப்பாளங்களாக உறைகிறது. உறையும்போது வெளிவிடும் வெப்பம் பழைய மேலோட்டை உருக்குகிறது. அந்த உருகலும் பசால்ட்டின் கடைசிச் சாறும் கலந்து, சிலிக்கா மிகுந்த ரையோலைட் மாக்மா உருவாகிறது.

எல்லோஸ்டோனில் 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருவாய்களை (நிலம் உள்வாங்கி உண்டான பெரும்பள்ளங்களை) உருவாக்கிய மூன்று பெருவெடிப்புகளும் ரையோலைட்டைத்தான் உமிழ்ந்தன. அதாவது மேன்டிலிலிருந்து வந்த பசால்ட், பெருவாய்க்குள் ஏறத்தாழ முகமே காட்டவில்லை. உருகிய ரையோலைட் அடர்த்தி குறைந்தது. அதனைத் துளைத்துக்கொண்டு கனமான பசால்ட் மேலேற முடியாது. ஆகவே பசால்ட் பெருவாயின் ஓரங்களில் மட்டும் வெளிவருகிறது. வட அமெரிக்கத் தட்டு தென்மேற்காக நகர நகர, பழைய மையங்கள் ஆறிக் கெட்டியான பின்பே பசால்ட்டுக்கு வழி திறக்கிறது. ஸ்நேக் ஆற்றுச் சமவெளியின் மேல்பரப்பு பசால்ட்டாகவும் அடியில் ரையோலைட்டாகவும் இருப்பதன் காரணம் இதுதான். அங்கே கிமாமா என்ற இடத்தில் இறக்கிய ஆழ்துளை 1.9 கிலோமீட்டர் வரை பெரும்பாலும் பசால்ட்டிலேயே இறங்கியது.

ஆக, சேர்ந்த மாக்மாவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததை அளக்க வேண்டியிருப்பதால்தான் வழியைத் தேர்வதில் இத்தனை குழப்பம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் வைக்கும் முதல் அளவுகோல், ஒரு வழி அளப்பது இருப்பையா, விகிதத்தையா, வேகத்தையா என்பது. கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது, ஒவ்வொரு மூட்டையிலும் கலப்படம் எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை மூட்டை வருகிறது என்பவை மூன்று வேறு கேள்விகள். இரண்டாவது, அந்த விடை எத்தனை ஆண்டுக் காலத்துக்குப் பொருந்தும் என்பது. மூன்றாவது, புதிதாக வந்த மேன்டில் பொருளையும் ஏற்கெனவே இருந்த மேலோட்டையும் அதனால் பிரித்தறிய முடியுமா என்பது. நான்காவது, இந்தியாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவருக்குத் தரவும் கருவியும் கைக்கெட்டுமா என்பது. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை; நான் கட்டாயம் கேட்கச் சொல்வேன்: நாமே ஊகித்து உள்ளே வைக்கும் எண் எது, அதைச் சற்று மாற்றினால் விடை எவ்வளவு ஆடும்?

## வழி 1: நில அதிர்வலை

அதிர்வலை, குளிர்ந்த கெட்டியான பாறையில் வேகமாகவும் சூடான அல்லது ஓரளவு உருகிய பாறையில் மெதுவாகவும் செல்லும். முதன்மை அலையின் வேகம் கருங்கல்லில் (கிரானைட்) நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். ஆழத்தில் உறைந்த பசால்ட்டான காப்ரோவில் 7-ஐ ஒட்டி. மேன்டிலில் 8-ஐ ஒட்டி. இந்த வேறுபாடுதான் இந்த வழியின் மூலதனம்.

2015-இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்லோஸ்டோனுக்கு அடியில் இரண்டு தேக்கங்களைக் காட்டினார்கள். ஆழம் குறைந்த தேக்கத்தின் கன அளவு 10,000 கன கிலோமீட்டர், அதில் உருகிய பங்கு 9 விழுக்காடு. 20 முதல் 50 கிலோமீட்டர் ஆழத்தில் புதிதாகக் கண்ட தேக்கம் 46,000 கன கிலோமீட்டர், உருகிய பங்கு 2 விழுக்காடு. மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் இது "46,000 கன கிலோமீட்டர் மாக்மா" என்று மாறிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பெருக்கிப் பாருங்கள்: கீழ்த் தேக்கத்தில் உருகல் 920 கன கிலோமீட்டர், மேல் தேக்கத்தில் 900. நாலரை மடங்கு பெரிய கீழ்த் தேக்கத்தில் இருக்கும் உருகலும் மேலே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. மிச்சமெல்லாம் சூடான திடப் பாறை. அதில் எது வெப்பப் புள்ளி கொண்டுவந்தது, எது பல நூறு கோடி ஆண்டுகளாக அங்கேயே இருந்தது என்பதை அலை வேகம் மட்டும் சொல்லாது. மேலும் 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு மேல் தேக்கத்தின் உருகல் பங்கை 16 முதல் 20 விழுக்காடு என்று மாற்றியது. நிலத்தடியில் எதுவும் மாறிவிடவில்லை. அலைவடிவங்களைக் கணக்கிடும் முறைதான் மாறியது.

இந்த வழியின் மறைமுகச் செலவு இங்கேதான் இருக்கிறது. வண்ணப் படம் மிக அழகாக வரும், ஆனால் அந்தப் படத்தின் ஓரங்கள் நாம் தேர்ந்த சீராக்க எண்ணை (படத்தை எவ்வளவு மழுப்புவது என்று நாமே வைக்கும் எண்ணை) பொறுத்து நீளும், சுருங்கும். பழைய மேலோடே இன்னொரு தொல்லை. எல்லோஸ்டோனை ஒட்டிய மிகப் பழைய கண்டத் துண்டான வயோமிங் நிலத்தொகுதியின் அடியில் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேல் வேகங்கொண்ட தடித்த அடுக்கு ஏற்கெனவே உண்டு; அது வெப்பப் புள்ளிக்கு மிக முந்தையது. அந்தப் பக்கத்தில் வேகமான அடுக்கைக் கண்டவுடன் புதுச் சேர்க்கை என்று எழுதுவது ஆபத்து.

அதே நேரத்தில், இந்த வழி மட்டுமே காட்டிய ஒன்று உண்டு. கிழக்கு ஸ்நேக் ஆற்றுச் சமவெளியின் நடு மேலோட்டில், சுமார் 10 கிலோமீட்டர் தடிமனுள்ள பசால்ட் வகைக் கிடைப்பாளம் கிடக்கிறது. சமவெளி இரு பக்க மலைகளைவிடத் தாழ்ந்து கிடப்பதற்கு அந்தக் கனமும், ஆறியதால் வந்த சுருக்கமும் முக்கியக் காரணங்கள். மேலே ஓரிரு கிலோமீட்டர் எரிமலைக்குழம்பு, உள்ளே பத்துக் கிலோமீட்டர்: சேர்க்கையின் பெரும்பகுதி உள்ளேதான் தங்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

கணினியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு, களத்துக்குச் செல்ல வழியே இல்லாதவர்களுக்கு, இது நல்ல தேர்வு. அமெரிக்க அதிர்வுப் பதிவுகள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தானில் இயங்கும் ஒப்ஸ்பை மென்பொருளும் இலவசம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா முழுவதும் நகர்த்தி நகர்த்தி வைக்கப்பட்ட யுஎஸ்அர்ரே அதிர்வுப் பதிவு நிலையங்களுக்கு இடையே தூரம் சுமார் 70 கிலோமீட்டர் இருந்தது. மேன்டிலைப் பார்க்க அது போதும். பத்துக் கிலோமீட்டர்ப் பாளத்தைப் பார்க்கப் போதாது, உள்ளூர் நிலையங்களின் தரவும் வேண்டும்.

## வழி 2: ஐசோடோப்பு

பழைய கண்ட மேலோட்டில் ருபீடியம் அதிகம். அது சிதைந்து ஸ்ட்ரான்ஷியம் 87 ஆகிறது. ஆகவே ஸ்ட்ரான்ஷியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் மேன்டில் பொருளில் குறைவாகவும் பழைய மேலோட்டில் கூடுதலாகவும் இருக்கும். மாக்மா மேலோட்டைக் கரைத்துக்கொண்டு வந்திருந்தால் அந்த விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். நியோடிமியமும் இதே வேலையை எதிர்த் திசையில் செய்கிறது. புதியதையும் பழையதையும் பிரிப்பதில் இந்த வழிக்கு இணையில்லை.

இந்திய மாணவருக்கு இங்கேதான் தக்காணம் கைகொடுக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று ரீயூனியன் தீவில் இருக்கும் வெப்பப் புள்ளியோடு தொடர்புடையதாக எழுந்த அந்தப் பசால்ட் இன்னும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. மகாராட்டிரத்தில் போலாத்பூரிலிருந்து மகாபலேஷ்வருக்கு ஏறும் அம்பேநளி மலைச்சாலையில் குழம்பு அடுக்குகள் சாலையோரத்திலேயே வெட்டுமுகமாகத் தெரியும். அந்த மலைச்சாலையின் பெயரைத் தாங்கிய அம்பேநளி அடுக்கில் ஸ்ட்ரான்ஷியம் விகிதம் 0.704-ஐ ஒட்டி இருக்கிறது. மேலோட்டுக் கலப்பு மிகக் குறைவு. அதற்குக் கீழே, காலத்தால் மூத்த புஷே அடுக்கில் 0.713-க்கும் மேலே போகிறது. கையில் எடுத்தால் இரண்டும் கறுத்த, நெருக்கமான ஒரே மாதிரிக் கல். சுத்தியலால் தட்டிப் பார்த்து எவராலும் வேறுபாடு சொல்ல முடியாது.

இனி அந்த ஐந்தாவது அளவுகோல். ஒரு குழம்பில் விகிதம் 0.709 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேன்டில் பசால்ட்டின் விகிதம் 0.704, அதில் ஸ்ட்ரான்ஷியம் பத்து லட்சத்தில் 220 பங்கு; மேலோட்டில் 150 பங்கு என்று எடுத்துக்கொள்கிறேன். மேலோட்டின் விகிதம் 0.740 என்றால், கலந்த மேலோடு 19 விழுக்காடு என்று விடை வரும். அதே மேலோட்டின் விகிதம் 0.720 என்றால், விடை 40 விழுக்காடு. அளந்த எண் மாறவில்லை. ஆய்வகக் கருவி ஐந்தாவது தசம இடம் வரை துல்லியமாகச் சொல்லியிருக்கும். ஆனாலும் நாம் பார்த்திராத ஓர் அடிப்பாறைக்கு என்ன எண் வைத்தோமோ அதைப் பொறுத்து விடை இரண்டு மடங்காகிவிட்டது. ஸ்ட்ரான்ஷியத்தோடு நியோடிமியத்தையும் ஈயத்தையும் சேர்த்துப் பார்ப்பது இந்த ஆட்டத்தைக் குறைக்கும், நீக்காது.

எல்லோஸ்டோனில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அங்குள்ள சில ரையோலைட்டுகளில் கனமான ஆக்சிஜன் 18 வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருக்கிறது. மழைநீரும் பனிநீரும் ஊடுருவிச் சூட்டில் மாற்றமடைந்த பழைய எரிமலைப் பாறை, பெருவாய்க்குள் சரிந்து மீண்டும் உருகியதால் வந்த அடையாளம் அது. இரண்டாம் முறை உருகிய மாக்மாவில் மேன்டில் சாயல் தெரிந்தால் அது இப்போது வந்ததா, முந்தைய தவணையில் வந்து உறைந்ததா? ஒரே சேர்க்கையை இருமுறை எண்ணிவிடும் வாய்ப்பு உண்டு. பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களைத் தனித்தனியாக அளந்தவர்கள்தான் இதை அவிழ்த்தார்கள். அந்த வசதி எல்லோருக்கும் கிட்டாது.

இதைவிடப் பெரிய குறை, ஐசோடோப்பு சொல்வது வெளியே வந்த குழம்பைப் பற்றி மட்டும் என்பது. உள்ளே தங்கியதைப் பற்றி மறைமுகமாகவே அறியலாம். தக்காணப் பசால்ட்டில் பெரும்பாலானவற்றில் மெக்னீசியம் ஆக்சைடு 5 முதல் 7 விழுக்காடுதான். மேன்டிலிலிருந்து புறப்படும் உருகலில் அது மிகக் கூடுதலாக இருந்தாக வேண்டும். இடையில் குறைந்த மெக்னீசியம், ஆலிவின், பைராக்சின் என்ற கனிமங்களாகப் படிகமாகி மேலோட்டுக்குள் விழுந்துவிட்டது. எனவே வெளியே வந்த குழம்பின் வேதியியலைக் கொண்டு உள்ளே தங்கியதன் கீழ்வரம்பைக் கணக்கிடலாம். ஐசோடோப்பை எடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஓர் அத்தியாயமாகச் சேர்த்தால் ஆய்வேட்டின் எடை கூடும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

செலவைப் பொறுத்தவரை, பணத்தைவிட நாட்கள்தான் பயமுறுத்தும். குழம்பின் காற்றுக்குமிழ்த் துளைகளில் பின்னால் படிந்த சியோலைட், கால்சைட் கனிமங்கள் நிரம்பியிருக்கும். அவற்றை விலக்கி, தூளாக்கி, அமிலத்தில் அலசி, பின் ஆய்வகத்தின் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆறு மாத ஆய்வேட்டில் மூன்று மாதம் இதிலேயே போய்விடக்கூடும். நேரம் இல்லாதவர்கள் ஜியோராக் தரவுத்தளத்தில் உள்ள வெளியான அளவுகளைக் கொண்டே ஒரு நல்ல ஆய்வேட்டை எழுதிவிடலாம். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

## வழி 3: வாயுவும் வெப்பமும்

இந்த வழி இன்று உயிரோடிருக்கும் வெப்பப் புள்ளிக்கு மட்டுமே பொருந்தும். தக்காணத்துக்கு உதவாது.

எல்லோஸ்டோனிலிருந்து வெளிவரும் ஹீலியத்தில், ஹீலியம் 3-க்கும் 4-க்கும் உள்ள விகிதம் காற்றில் இருப்பதைப்போல் 16 மடங்கு வரை இருக்கிறது. நடுக்கடல் முகடுகளில் அது 8 மடங்கு அளவுதான். மேன்டில் வாயு இப்போதும் வருகிறது என்பதற்கு இது வலுவான சாட்சி. எவ்வளவு மாக்மா என்பதற்கு இது சாட்சி அல்ல. அதற்குக் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 45,000 டன் கரியமில வாயுவும், சுமார் 5 கிகாவாட் வெப்பமும் அங்கிருந்து வெளியேறுகின்றன என்பவை பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடுகள். வாயுவின் அளவில் மூன்றில் ஒரு பங்கு கூடவோ குறையவோ இடமுண்டு.

புதிய மாணவர் இந்த அளவீட்டைத் தாமே எடுக்க முயல வேண்டாம். தேசியப் பூங்காவில் ஆய்வு செய்ய அனுமதி வேண்டும், பல பருவங்கள் தொடர்ந்து அளக்க வேண்டும். வெளியான எண்களை வைத்துக் கணக்கிடும் ஆய்வேட்டுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கிறேன்.

## மூன்றையும் ஒரே அலகில் வைத்தால்

கீழே வருவது என்னுடைய தோராயக் கணக்கு. பருமனை உணர்வதற்காக மட்டும்.

ஸ்நேக் ஆற்றுப் பாளம் 10 கிலோமீட்டர் தடிமன், சமவெளியின் அகலம் 90 கிலோமீட்டர் என்றும், தட்டு ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டர் நகர்கிறது என்றும் கொண்டால், பத்து லட்சம் ஆண்டில் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாளம் உருவாகிறது. ஆண்டுக்கு 0.02 கன கிலோமீட்டர்.

5 கிகாவாட் வெப்பம் முழுவதும், பசால்ட் உறைந்து மேலும் 400 டிகிரி ஆறுவதால் வருகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு 0.07 கன கிலோமீட்டர் பசால்ட் தேவை.

கரியமில வாயு முழுவதும் மாக்மாவிலிருந்து வருகிறது என்றும், மாக்மாவின் எடையில் அது 1 விழுக்காடு என்றும் கொண்டால், ஆண்டுக்கு 0.6 கன கிலோமீட்டர். அரை விழுக்காடு என்றால் 1.2. ஹவாயின் கிலாவேயா எரிமலைக்கு வந்துசேரும் மாக்மா ஆண்டுக்கு 0.1 கன கிலோமீட்டர் அளவு என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்ணை அப்படியே நம்பக் கூச்சமாக இருக்கிறது.

முதல் எண்ணுக்கும் மூன்றாவதற்கும் 25 மடங்குக்கு மேல் இடைவெளி. மூவரில் ஒருவர் தப்பாக அளந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாளக் கணக்கு நடு மேலோட்டில் தங்கியதை மட்டும், அதுவும் பல லட்சம் ஆண்டுகளின் சராசரியாகச் சொல்கிறது. அடி மேலோட்டில் உறைந்தது அதில் இல்லை. வெப்பக் கணக்கு வெந்நீர் வழியாக மேலே வந்த சூட்டை மட்டும் எண்ணுகிறது. ஆழத்தில் தங்கிவிட்ட சூடு அதில் சேராது. கரியமில வாயு மாக்மாவில் கரைந்து நிற்பது கடினம் என்பதால், மேன்டிலுக்கு அருகிலேயே உறைந்துபோன மாக்மாவிலிருந்துகூட அது பிரிந்து தனியே மேலேறிவிடும். போதாக்குறைக்கு அந்தப் பகுதியில் பழைய சுண்ணாம்புப் பாறைகளும் உண்டு. மாமத் வெந்நீர் ஊற்றுகளில் படிப்படியாக வெள்ளை மேடை கட்டியிருக்கும் சுண்ணப் படிவு அந்தப் பாறை கரைந்து வந்ததுதான். சூட்டில் அந்தப் பாறை விடும் வாயுவும் மாக்மாவின் கணக்கில் ஏறிவிடுகிறது.

| அளவுகோல் | நில அதிர்வலை | ஐசோடோப்பு | வாயு, வெப்பம் |
|---|---|---|---|
| அளப்பது | உள்ளே இருக்கும் இருப்பு | வெளிவந்ததில் கலப்பு விகிதம் | இன்றைய வரத்து வேகம் |
| பொருந்தும் காலம் | உருகலுக்கு இன்று. உறைந்ததற்குப் பல லட்சம் ஆண்டு | ஒவ்வொரு வெடிப்பின் காலம் | வாயுவுக்கு இன்று. வெப்பத்துக்குச் சற்று நீண்ட காலம் |
| புதியது, பழையது பிரிப்பு | பலவீனம் | மிக வலு | ஹீலியத்தில் வலு, கரியமில வாயுவில் பலவீனம் |
| ஊகித்து வைக்கும் எண் | சீராக்கம், பாறையின் சூடு | அடிப்பாறையின் விகிதம் | மாக்மாவில் வாயுவின் பங்கு |
| மறைமுகச் செலவு | கணக்கீட்டுப் பயிற்சி | ஆய்வகக் காத்திருப்பு | பிறர் எண்களைச் சார்ந்திருத்தல் |
| தக்காணத்துக்கு | உறைந்த பாளத்துக்கு மட்டும் | மிகப் பொருத்தம் | பொருந்தாது |

## யார் எதை எடுப்பது

ஓராண்டு நேரமும் கணிதத்தில் விருப்பமும் இருந்தால் நில அதிர்வலை. அதில் எல்லோஸ்டோனின் தேக்கத்தைவிட ஸ்நேக் ஆற்றுச் சமவெளியைத் தேர்வது நல்லது என்பது என் கருத்து. தேக்கத்தை ஏற்கெனவே பலர் மொய்த்துவிட்டார்கள், தவிர உறைந்த பாளத்தில் சூட்டின் குழப்பம் குறைவு.

ஒரே பருவம்தான் இருக்கிறது, களமும் இல்லை, ஆய்வகமும் இல்லை என்றால் மூன்றாவது வழி. மேலே நான் போட்ட கணக்கை ஒவ்வோர் ஊகத்துக்கும் ஒரு வீச்சு கொடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த ஊகம் விடையை அதிகம் ஆட்டுகிறது என்று காட்டினாலே நாற்பது பக்கத்துக்குப் பொருள் இருக்கிறது.

மற்றவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இருந்து தொடங்குபவர்களுக்கு, தக்காணத்தில் ஐசோடோப்பு என்றே சொல்வேன். ரயிலேறிப் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் களத்தை விட்டுவிட்டு வயோமிங்கின் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் காரணமில்லை. மழை ஓய்ந்து சாலையோர வெட்டுமுகங்கள் காய்ந்த பின், டிசம்பரில் போங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் குமிழ்த் துளைகள் நிறைந்த மேல்தலையை விட்டுவிட்டு, நடுவில் உள்ள நெருக்கமான பகுதியிலிருந்து எடுங்கள். சிவந்த மண்பட்டை தெரியும் இடமெல்லாம் ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையாக இருக்கலாம், அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் நாள் கேட்டு எழுத வேண்டிய கடிதத்தைக் களத்துக்குப் புறப்படும் முன்பே அனுப்பிவிடுங்கள்.